சென்னையைவிடப் பெரிய மனைப்பிரிவு

தண்டையார்பேட்டையில் பத்திரம் எழுதுவது என் தொழில். செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் மனை வாங்குகிறவர்களின் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் என் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் பதிவுக்குப் போகும். லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது "எங்கம்மா போகணும்?" என்று கேட்டாள். மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் கலிபோர்னியா சிட்டி என்றேன். மாப்பிள்ளை சலிக்காமல் வண்டி எடுத்தார். மனை வாங்க வந்தவளாகவே அதைப் பார்த்தேன்.

அளவைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். ஊர் எல்லை 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். கத்திவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை நம் மாநகராட்சி மொத்தமுமே 426தான். ஆனால் 2020 கணக்கெடுப்புப்படி அங்கே இருப்பவர்கள் சுமார் 15,000 பேர். எங்கள் வார்டில் இதைவிடக் கூட்டம் அதிகம்.

ஆரம்பித்தவர் நாட் மெண்டல்சன், சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். 1958இல் ஏறத்தாழ 80,000 ஏக்கர் பாலைவனத்தை வாங்கி, லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போட்டியாக ஒரு நகரம் எழும் என்று மனை போட்டு விற்றார். 1965இல் அது சட்டப்படி நகரமும் ஆகிவிட்டது. ஆட்கள்தான் வந்து சேரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூங்கா காட்டுவேன் என்று சொன்னவர் காட்டியிருக்கிறார். பாலைவனத்து நடுவில் செயற்கை ஏரி, அதில் வாத்து, சுற்றிலும் மரம். பெரிய மனைப்பிரிவில் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும் என்பது நம் தமிழ்நாட்டு விதி. வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்த இடம் பிற்பாடு மனையாகி விற்பனைக்கு வருவதை நான் பத்திரங்களில் பார்த்திருக்கிறேன். அந்த விஷயத்தில் மெண்டல்சனுக்கு என் முழு மதிப்பெண்.

ஏரியைத் தாண்டி வெளியே போனால் கதை வேறு. வீடு முடிந்தும் தெரு முடிவதில்லை. நேராக, வளைந்து, வட்டமாக, முட்டுச்சந்தாக, பக்காவாகப் போட்ட தெருக்கள். பல இடங்களில் அவற்றில் புதர்தான் குடியிருக்கிறது. ஒரு முனையில் வண்டி நின்றது. "அத்தை, இதுக்கு மேல போனா மணல்ல மாட்டிக்கும்" என்றார் மாப்பிள்ளை. நான் இறங்கி நடந்தேன். கரடுமுரடான ஜல்லி மண், முழங்கால் உயரத்துக்குக் கிரியோசோட் செடி. அதன் இலையைக் கசக்கினால் தார் வாசனை. முச்சந்தி வந்தது, நாற்சந்தி வந்தது, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். கம்பம் இல்லை, குழாய் இல்லை, ஒரு டீக்கடை இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் வாசலில் போட்ட இழைக்கோலம் மாதிரி அத்தனை தெருவும் தெளிவாகத் தெரிகிறது.

ஊருக்கு வடகிழக்கே பாலைவன ஆமைகளுக்கென்றே ஒதுக்கிய சரணாலயம் இருக்கிறது. வண்டியை எடுக்குமுன் அடியில் ஆமை படுத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மாப்பிள்ளையும் நானும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து பார்த்தோம். எனக்கு ரொம்பப் பிடித்துப்போன விதி இது.

தவணை கட்டியவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. விலை ஏறும் என்று நம்பி வாங்கிய சாதாரணக் குடும்பங்கள். விற்பனையாளர்கள் சொன்ன பேச்சுக்காக 1970களில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே தலையிட வேண்டியதாயிற்று. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா என்னிடம் வந்தது ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப்போய், பிரியாணி போட்டு, கொடி கட்டிய காலி நிலத்தைக் காட்டி, மாதத் தவணையில் விற்றிருக்கிறார்கள். பத்திரம் சுத்தம், வில்லங்கம் இல்லை. ஆனால் அது அங்கீகாரம் இல்லாத மனை. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது, பெண் கல்யாணத்துக்கு அதை விற்க முடியாமல் தவித்தது அந்த அக்கா. 2017இல் இப்படிப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்த பிறகும் கட்டணம், வரைபடம் என்று அலைச்சல்தான். விற்றவன் அதற்குள் அலுவலகத்தையே காலி செய்துவிட்டான்.

கலிபோர்னியா சிட்டியில் நிலமும் நிஜம், தெருவும் நிஜம். அதனால்தான் அதை வெறும் ஏமாற்று என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. வேலை எங்கே கிடைக்கும், தண்ணீர் எந்த வருஷம் இந்தத் தெருவுக்கு வரும் என்று வாங்கியவர்கள் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கிரயப் பத்திரத்தில் அந்த இரண்டுக்கும் இடமே கிடையாது, அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

சுற்றிப் பார்க்க ஐந்துக்கு நான்கு மதிப்பெண். மனை வாங்க ஒன்று, அதுவும் ஏரிக்காக. போகிறவர்கள் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.