லேண்ட் கான்ட்ராக்ட் முடியாத வீட்டைத் தவணைக்கு விற்பது: மிச்சிகனில் மூன்று வழிகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லேண்ட் கான்ட்ராக்ட் (விலையை வங்கிக்கு அல்ல, விற்பவருக்கே தவணையாகக் கட்டும் ஒப்பந்தம்) போட்டு வாங்கியவர் உடனே குடியேறலாம். ஆனால் கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் மூல உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். இடையில் வாங்கியவர் அதே வீட்டை இன்னொருவருக்குத் தவணைக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மேல் ஒப்பந்தத்தில் (மூல உரிமையாளருடன் போட்ட பழைய ஒப்பந்தம்) பாக்கி 60,000 டாலர், வட்டி 6 சதவீதம். புது விலை 1,00,000, முன்பணம் 15,000.

ஒப்பந்தத்தை அப்படியே கைமாற்றுவது எளிது. புதியவர் 60,000 பாக்கியை ஏற்பார். முன்பணம் போக மீதி 25,000-க்குத் தனிக் கடன்பத்திரமும் ஈடும் வேண்டும். மூல உரிமையாளர் எழுத்தில் விடுவிக்காவிட்டால் விற்றவரின் பொறுப்பும் தீராது.

பலரை இழுப்பது இரண்டாவது வழி: பழையதன் மேலேயே 85,000-க்கு 8 சதவீதத்தில் புது ஒப்பந்தம். முதல் ஆண்டு வட்டி வரவு சுமார் 6,800, செலவு 3,600, மிச்சம் 3,200. தனியாருக்குள் வட்டி உச்சவரம்பு 11 சதவீதம். ஆபத்து முழுக்கப் புதியவர் தலையில். அவர் ஒழுங்காகக் கட்டியும், நடுவில் இருப்பவர் மேலே கட்டவில்லை என்றால், 15 நாள் நோட்டீஸுக்குப் பின் மூல உரிமையாளர் வழக்குப் போடலாம். தீர்ப்பானபின் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்க, மேல் ஒப்பந்தத்தில் பாதிக்குக் குறைவாகக் கட்டியிருந்தால் 90 நாள், பாதியோ அதற்கு மேலோ கட்டியிருந்தால் 6 மாதம். அதற்குள் மீட்காவிட்டால் கீழ் ஒப்பந்தத்துக்குக் காலூன்ற இடமில்லை. மேலே மொத்தப் பாக்கியை 2 ஆண்டில் முடிக்கச் சொல்லி, கீழே 5 ஆண்டு கொடுத்திருப்பதும் அடிக்கடி நடக்கிற தவறு. இந்த வழிதான் என்றால் தவணை நேராக எஸ்க்ரோ கணக்குக்கு (பணத்தை நடுநிலையில் வைத்துப் பிரித்துக் கொடுக்கும் மூன்றாம் தரப்புக் கணக்கு) போக வேண்டும். அங்கிருந்தே மேலே 60,000-க்கான பங்கு பிரிய வேண்டும். மேலே தவறினால் தானே கட்டிக் கழித்துக்கொள்ளும் உரிமை புதியவருக்கு எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்தக் குறிப்பை மாவட்டப் பதிவகத்தில் பதிவதும் கட்டாயம் என்றே கொள்ளுங்கள்.

மூன்றாவதுக்குப் பேச்சுவார்த்தை அதிகம், ஆனால் எங்கள் வாக்கு அதற்கே. முன்பணத்தில் 10,000-ஐ மூல உரிமையாளருக்குக் கொடுத்துப் பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்து, பத்திரத்தைப் புதியவர் பெயருக்கே எழுதச் சொல்லுங்கள். மூல உரிமையாளருக்கு 50,000-க்கு முதல் அடமானம், நடுவில் இருந்தவருக்கு 35,000-க்கு இரண்டாம் அடமானம். இனி ஒருவர் தவறு மற்றவர் வீட்டைப் பறிக்காது. மூல உரிமையாளர் தயங்குவதற்குக் காரணம், சுருக்கமான ஒப்பந்த ரத்து வழக்கு போய் அடமான ஏல நடைமுறை வருவது. கைக்கு வரும் 10,000-தான் அவரை இணங்கவைக்கும்.

எதுவானாலும் முதலில், பாக்கி, வட்டி, கடைசியாகக் கட்டிய தேதி மூன்றையும் குறித்து மூல உரிமையாளர் கையொப்பமிட்ட கடிதம் வாங்குங்கள். அவருக்கே வங்கிக் கடன் இருக்கிறதா என்றும் பாருங்கள்: வீடு கைமாறினால் முழுக்கடனையும் கேட்கும் ஷரத்தை வங்கிகள் அமல்படுத்த 1982-ம் ஆண்டின் கார்ன்–செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் வழிவிடுகிறது.