டெப்பா, லப்டொப்பா? எங்கள் வீட்டுக் கணக்கு

மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்றதும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து கனடா வரை சொந்தக்காரர் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். "டெப் காணும்" என்கிறார் மச்சான். "லப்டொப் இல்லாமல் என்னண்டு படிக்கிறது?" என்கிறா தங்கச்சி. எங்கள் வீட்டில் இரண்டும் கிடக்கின்றன: 2017இல் வாங்கிய லப்டொப், 2020இல் ஸூம் வகுப்புக்கென்று மச்சான் அனுப்பிய 10 அங்குல அண்ட்ரொய்ட் டெப். பாவித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வாசிப்பில் டெப்புக்குப் போட்டியே இல்லை. 15.6 அங்குல லப்டொப் திரை அகலத்தில்தான் பெரிது, உயரம் 19 சென்ரிமீற்றர்தான். சாதாரணப் புத்தகப் பக்கம் 21 சென்ரிமீற்றர். ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இருந்து பழைய சஞ்சிகை ஒன்றை இறக்கினால் லப்டொப்பில் அரைப்பக்கமாக உருட்டி உருட்டித்தான் வாசிக்க வேண்டும். டெப்பை நிமிர்த்திப் பிடித்தால் பக்கம் முழுதாக நிற்கும். லப்டொப்பை ஒருநாளும் தொடாத என் அப்பா, சாய்மனைக் கதிரையில் இருந்தபடி இரண்டு விரலால் எழுத்தைப் பெருப்பித்துப் பழைய 'ஈழநாடு' பத்திரிகை வாசிக்கிறார். கனடாவுக்கு வாட்ஸப் போடுவதும் வாயால் சொல்லித்தான். கூகிளின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழுக்கென்று தனித் தெரிவே உண்டு. தான் கொம்பியூட்டர் பாவிக்கிறேன் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

கரண்ட் விஷயத்திலும் டெப்தான். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அன்று லப்டொப் மத்தியானத்துக்கு முதலே படுத்துவிட்டது. டெப்பைப் போனுக்கு வைத்திருந்த பவர்பாங்கில் கொழுவினோம், இரவுவரை ஓடியது.

இனி மற்றப் பக்கம். நான் எங்கள் சனசமூக நிலையச் செயலாளர். வருகிற அறிக்கை, அழைப்பிதழ் எல்லாம் இன்னும், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் கொடுக்கிற பழைய பாமினி எழுத்துருவில்தான். லப்டொப்பில் அந்த எழுத்துருவை ஒருதரம் போட்டுவிட்டால் முடிந்தது. டெப்பில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி (;). ஆண்டறிக்கையைக் கூட்டத்தில் டெப்பில் பார்த்து வாசிக்கலாம் என்று எடுப்பாகப் போய், கடைசியில் வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். எதில் திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்டுக்கு எல்லாரும் மாறினால் இந்தத் தலையிடி இல்லை. மாறுகிறார்களா என்ன!

ஐபேட் வந்த 2010இல் அப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் கணினியை லொறிக்கு ஒப்பிட்டார்; எல்லாருக்கும் லொறி தேவைப்படாத காலம் வரும் என்றார். எங்கள் பக்கம் டெப் மாதிரிக் காரும் ஓடுகிறது, தோட்டத்துக்கு லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரமும் ஓடுகிறது. நாற்பது பக்க ஒப்படை, அட்டவணை, அடிக்குறிப்பு என்று வந்தால் அது லான்ட்மாஸ்டர் வேலை. டெப்புக்குத் தனிக் கீபோட், பேனை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் விலையும் லப்டொப்புக்குக் கிட்டப் போய்விடும். பேனையிலும் கவனம்: மலிவு டெப்புகளுக்கு விற்கிற றப்பர் முனைப் பேனை வெறும் விரலுக்குச் சமன், கை பட்ட இடமெல்லாம் கோடு விழும். நல்ல பேனையோடு வரும் டெப் என்றால் கணக்கும் இரசாயனச் சமன்பாடும் எழுத அதைவிடச் சுகமான சாமான் இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

திருத்த வேலையில்தான் பெரிய வித்தியாசம். பழைய லப்டொப் இழுத்து இழுத்து ஓடியபோது ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டுத் தந்தார்கள், இப்போது புதிசு மாதிரி. டெப்பின் பற்றரி இறங்கத் தொடங்கிவிட்டது. திரையைப் பசை போட்டு ஒட்டியிருப்பதால் திறக்கும்போது வெடித்தால் பொறுப்பில்லை என்று கடைக்காரத் தம்பி கையை விரித்துவிட்டார். அண்ட்ரொய்ட் அப்டேட்டும் எப்போதோ நின்றுவிட்டது.

ஆகவே மகளுக்கு லப்டொப். பழைய டெப்பையும் வாசிக்கக் கொண்டுபோகட்டுமே என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "பிள்ளைக்குப் புதிசாய் ஒண்டு வாங்கிக் குடு" என்றார், திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே.