மின்தடை அறிவிப்பை மூன்று நடைகளில் எழுதிப் பார்த்தால்

நாளிதழின் உள்பக்கங்களில் அன்றாடம் வரும் மின்தடை அறிவிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்: “துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட உள்ளதால், செவ்வாய்க்கிழமையன்று காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை கீழ்க்கண்ட பகுதிகளில் மின் விநியோகம் நிறுத்தி வைக்கப்படும் எனத் தெரிவித்துக் கொள்ளப்படுகிறது.” இதை அலுவலக நடை என்போம். சுற்றறிக்கை, ஒப்பந்தப்புள்ளி, பழுது அறிக்கை, மென்பொருள் உதவிப் பக்கம் என எதை எழுத உட்கார்ந்தாலும் பலருடைய கை முதலில் போவது இதன் பக்கம்தான்.

இதற்குப் போட்டியாக, ஆங்கில எழுத்துப் பயிற்சிகளின் வழியே வந்தது துண்டு நடை: “துணை மின் நிலையத்தில் செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்புப் பணி உள்ளது. அது காலை 9 மணிக்குத் தொடங்கும். பிற்பகல் 2 மணிக்கு முடியும். அந்த நேரத்தில் மின்சாரம் இருக்காது. கீழே உள்ள பகுதிகளைப் பார்க்கவும்.”

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்குத் தனிப்பெயர் இல்லை, செறிவு நடை என்று வைத்துக்கொள்ளலாம்: “துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு நடப்பதால், கீழ்க்கண்ட பகுதிகளில் செவ்வாய்க்கிழமை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் இருக்காது.”

எண்ணிப் பார்த்தால் முதலாவதில் 26 சொற்கள், இரண்டாவதில் 25, மூன்றாவதில் 19. ஒரே வாக்கியத்தை ஐந்தாக உடைத்ததில் மிச்சமானது ஒரே ஒரு சொல். உடைக்காமலே வினைச்சொற்களை மட்டும் திருத்தியதில் ஏழு சொற்கள் மிச்சமாயின. “பணிகள் மேற்கொள்ளப்பட உள்ளதால்” என்பது “நடப்பதால்” ஆயிற்று. “தெரிவித்துக் கொள்ளப்படுகிறது” என்பது இருந்த இடம் தெரியாமல் போயிற்று, அச்சிட்டு வெளியிடுவதே தெரிவிப்பதுதான் என்பதால். தமிழில் சுருக்கம் என்பது முற்றுப்புள்ளியில் இல்லை, வினையில் இருக்கிறது என்பது என் துணிபு.

துண்டு நடை இங்கே தோற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பராமரிப்பு நடக்கிறது, மின்சாரம் இருக்காது என்ற இரு செய்திகளையும் அது அடுத்தடுத்து வைக்கிறதே தவிர, முன்னதால் பின்னது விளைகிறது என்று சொல்வதில்லை. “ஆல்” என்ற ஓர் உருபு செய்து முடிக்கும் வேலையை வாசகர் ஊகித்து முடிக்க வேண்டியிருக்கிறது. நூலுக்குரிய பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் முதல் இரண்டாக வைத்த நன்னூல், பத்துக் குற்றங்களைக் குன்றக் கூறலில் இருந்து தொடங்குகிறது. துண்டு நடை சுருக்கத்தைத் தேடிப் போய் அந்த முதல் குற்றத்தில் விழுகிறது.

வாக்கியத்தைக் குறுக்கு என்ற அறிவுரை பிறந்த இடத்தில் அதற்கு நியாயம் இருந்தது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980-களில் உருவாகி, இன்று ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என வழங்கும் எளிய ஆங்கில விதிமுறை, செய்முறை வாக்கியத்துக்கு 20 சொற்கள், விளக்க வாக்கியத்துக்கு 25 சொற்கள் என வரம்பு கட்டுகிறது. ஆனால் “தொட்டி காலியாக இருந்தால் பம்பை இயக்காதீர்கள்” என்று தமிழில் ஐந்தே சொற்களில் முடிவதை ஆங்கிலத்தில் எழுதினால் பத்துச் சொற்கள் ஆகின்றன. எச்சமும் எதிர்மறையும் வேற்றுமையும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் மொழியில் 25 என்ற வரம்பு எதையும் தடுப்பதில்லை. மேலே கண்ட அலுவலக வாக்கியமே அதை ஒரு சொல்லால்தான் மீறுகிறது.

செயப்பாட்டு வினையைப் பற்றிய வழக்கும் இப்படிப்பட்டதே. ஆங்கிலத்தில் செயப்படுபொருளை முன்னால் கொண்டுவர வேண்டுமானால் பெரும்பாலும் செயப்பாட்டு வினையை நாட வேண்டியிருக்கும். தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. “சர்வரின் கடவுச்சொல் மாற்றப்பட்டது” என்று எழுதும் பழுது அறிக்கையை, “சர்வரின் கடவுச்சொல்லை இரவுப் பணியாளர் மாற்றினார்” என்று அதே சொல்லை முன்னால் வைத்தே எழுதலாம். செய்தது நாமே என்றால் “மாற்றினோம்” என்ற வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். ஆகவே தமிழ் அறிக்கையில் “படு” வருமிடமெல்லாம் செய்தவர் யார் என்பதை எழுதியவர் மறைக்கிறாரோ என்ற ஐயம் எனக்கு எழுகிறது. எல்லா இடத்திலும் அந்த ஐயம் சரியாகாது. யார் செய்தார் என்பது தெரியாதபோதும், தனி ஆளின் தலையில் பழி விழக்கூடாது என்று குழுவே முடிவு செய்திருக்கும்போதும் “மாற்றப்பட்டது” நேர்மையான சொல்லே. அரசாணைகளிலும் ஒப்பந்தங்களிலும் பேசுவது ஆள் அல்ல, பதவி. அலுவலக நடைக்கு அங்கே இடமுண்டு.

“செய்யவும்” என்ற முடிவு தனியே பேசத் தக்கது. அலுவலக நடையும் துண்டு நடையும் இதில் ஒன்றாகவே நிற்கின்றன. “வடிகட்டியைத் துடைக்கவும்” என்பது கட்டளையா, வேண்டுகோளா, செய்தால் நல்லது என்ற யோசனையா என்பது அதிலிருந்து தெரியாது. போதாக்குறைக்கு, “திறக்கவும் மூடவும் முடியும்” என்ற தொடரில் அதே வடிவம் வெறும் அடுக்காக வருகிறது. கட்டாயமானதற்கு “வேண்டும்”, விருப்பத்துக்கு விட்டதற்கு “லாம்”, விலக்கியதற்கு “கூடாது” என்று பிரித்து, ஒரு கையேடு முழுவதும் அதையே கடைப்பிடித்தால் பாதிக் குழப்பம் அகலும். கலைச்சொல்லிலும் அப்படித்தான்: மின்மாற்றி என்பதா டிரான்ஸ்ஃபார்மர் என்பதா என்ற சண்டையைவிட, முதல் பக்கத்தில் எழுதியதையே கடைசிப் பக்கத்திலும் எழுதுவது முக்கியம்.

துண்டு நடை தெளிவாக வெல்லும் களம் படிப்படியான செய்முறை. ஜெனரேட்டர் அறையில் நிற்பவர் ஒரு வரியைப் படித்து, ஒரு வேலையைச் செய்து, மீண்டும் தாளைப் பார்ப்பார். அவருக்கு ஒரு வரிக்கு ஒரு செயல் போதும், எச்சங்களைக் கோத்த தொடர் உதவாது. அங்கேயும் ஒரு விலக்கு இருக்கிறது. “வால்வைத் திறக்கவும். அதற்கு முன் அழுத்தமானி பூஜ்யத்தைக் காட்டுகிறதா எனப் பார்க்கவும்” என்று உடைத்து எழுதினால், இரண்டாவது வரிக்கு வருவதற்குள் முதல் வரியின்படி கை வால்வைத் திறந்திருக்கும். “அழுத்தமானி பூஜ்யத்தைக் காட்டிய பிறகே வால்வைத் திறக்க வேண்டும்” என்ற ஒரே வாக்கியத்தில், வினை கடைசியில் வருவதால், நிபந்தனையைக் கடக்காமல் எவரும் செயலுக்கு வர முடியாது. தனியாக ஓர் எச்சரிக்கை வரி செய்ய வேண்டியதைப் “பிறகே” என்பதில் உள்ள ஏகாரம் செய்துவிடுகிறது.