குடியை விட்டாச்சு, தூக்கம் வரலை: மாத்திரையா, பழக்க சிகிச்சையா?

குடியை நிறுத்திய முதல் சில வாரங்கள் தூக்கம் பிடிக்காது; சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அப்போது முன்னால் நிற்பவை இரண்டு: தூக்க மாத்திரை, அல்லது தூக்கப் பழக்கத்தை மாற்றும் சிபிடி-ஐ சிகிச்சை (CBT-I, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை).

வேகம்: மாத்திரை அன்றிரவே கேட்கும். சிகிச்சைக்குச் சுமார் 6 முதல் 8 வாரம். தொடக்கத்தில் இன்னும் மோசமானதுபோலக்கூடத் தெரியும்.

ஆபத்து: இதில்தான் எனக்குப் பிடிவாதம். டயஸிபாம், அல்பிரஸோலம் வகையறா மாத்திரைகள், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளில், அதாவது மது தொடும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வது சுலபம். நடுவில் சறுக்கி ஒருநாள் குடித்துவிட்டால், இரண்டும் சேர்ந்து மூச்சையே அடக்கிவிடலாம். சிகிச்சையில் அந்தப் பயமில்லை.

சிரமம்: மாத்திரைக்கு ஒரு மடக்குத் தண்ணீர் போதும். மற்றதில், 20 நிமிடமாகியும் கண் அசரவில்லையா, எழுந்துபோய் மங்கலான வெளிச்சத்தில் உட்கார வேண்டும். கண் சொக்கினால்தான் மறுபடி படுக்கை. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். (கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள்.)

கைநடுக்கம், வியர்வை, வலிப்பு பயம் உள்ள முதல் நாட்களில் டாக்டர் கண்காணிப்பில் மாத்திரைதான். அதைத் தாண்டியும் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவர்களுக்குச் சிபிடி-ஐ.