சொந்தமாகச் செய்த சோலார் வாட்டர் ஹீட்டர்: கடலூர் மொட்டை மாடியில் சில வருஷங்கள்

நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணீரைச் சூடாக்குவது பெரிய வேலையே இல்லை. சாயங்காலம் வரை சூடான தண்ணீரை மறுநாள் விடிகாலை வரை ஆறவிடாமல் வைத்திருப்பதுதான் வேலை. சொந்தமாகச் செய்ய நினைத்து என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் கண்ணாடியையும் தகட்டையும் பற்றியே கேட்கிறார்கள். தொட்டிக்கு என்ன போர்த்தினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வெந்நீர் தேவைப்படுவது மார்கழியில், அதுவும் வெயில் வருவதற்கு முன்னால். அதனால் தொட்டிக்குத்தான் முதலில் காசு ஒதுக்குங்கள் என்பேன்.

எங்களுடையது 100 லிட்டர் எவர்சில்வர் தொட்டி, 2 சதுர மீட்டர் பேனல். செம்புக் குழாய்களை அலுமினியத் தகட்டோடு இறுக்கிப் பிடித்து, பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே எளிதில் உடையாத டஃபன்ட் கண்ணாடி. பம்ப், கரன்ட் எதுவும் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும். தொட்டியின் அடியிலிருக்கும் பச்சைத் தண்ணீர் பேனலுக்கு இறங்கும். "அண்ணே, மோட்டார் இல்லாம தண்ணி எப்படி மேல ஏறும்?" என்று கேட்டுக்கொண்டே வேலை செய்த பிளம்பர், உச்சி வெயிலில் மேல் குழாயைத் தொட்டதும் வெடுக்கென்று கையை எடுத்தார்.

இந்தச் சுற்று ஓட வேண்டுமானால் தொட்டியின் அடி, பேனலின் தலையைவிட ஓரடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ராத்திரியில் சுற்று தலைகீழாக ஓடி, பகலில் சேர்த்த சூட்டை ஆகாயத்துக்கு விட்டுவிடும். குழாய் பேனலிலிருந்து தொட்டி வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். தொட்டி உச்சியில் காற்றுக் குழாய் கட்டாயம். சூட்டில் இளகிவிடும் என்பதால் சாதா பிவிசி வேண்டாம். சூட்டுக்கென்றே வரும் சிபிவிசி குழாய் தாங்கும், ஆனால் வெயில் நேராகப் படாமல் மூடி வைக்க வேண்டும்.

சாய்மானத்தையும் மார்கழிக்காகத்தான் வைக்க வேண்டும். கடலூர் ஏறக்குறைய 11¾ டிகிரி வடக்கு. அதோடு பத்து டிகிரி கூட்டி, தெற்கு பார்த்து 22 டிகிரியில் வைத்திருக்கிறோம். சித்திரை, வைகாசியில் கொஞ்சம் குறைந்தால் என்ன, அப்போது யாருக்கு வெந்நீர் வேண்டும்?

இனி போர்வை. தொட்டியைச் சுற்றி நாலு அங்குலம் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைக் கம்பளி), அதற்கு மேல் ஃபைபர் உறை. சாயங்காலம் 55 டிகிரி இருந்தால் விடியும்போது 50 பக்கம் நிற்கிறது. அதில் 25 டிகிரி தண்ணீரைக் கலந்தால், 40 டிகிரியில் 160 லிட்டருக்கு மேல் குளிக்கக் கிடைக்கும். நாலு பேருக்குத் தாராளம். இதையே கீசரில் போட்டால் தினமும் சுமார் மூன்று யூனிட் ஆகும். போர்வை நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். விடிகாலையில் உறையின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றி வாருங்கள். எந்த இடம் கதகதப்பாக இருக்கிறதோ அங்கே கம்பளி நனைந்திருக்கிறது அல்லது இறங்கிவிட்டது. எங்களுக்கு அப்படி அகப்பட்ட இடம் மூடியின் விளிம்பு. மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருந்தது.

மாடியிலிருந்து குளியலறைக்கு வரும் குழாயில் நிற்கும் தண்ணீர் முதலில் ஆறியதாகத்தான் வரும். அம்மா அதை ஒரு வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார். மூட்டு வலிக்கு ஒத்தடம் கொடுக்க, அதற்குப் பிறகு வருவது அவருக்குப் போதுமான சூடு.

ஐப்பசி, கார்த்திகையில் இதை நம்பி இருக்க முடியாது. மேகமூட்டம் தொடர்ந்தால் தண்ணீர் வெதுவெதுப்போடு சரி. அடுப்போ கீசரோ இருக்கத்தான் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலைப் பார்த்த ஊர் இது என்பதால் ஸ்டாண்டை ஆங்கர் போல்ட் போட்டுத் தளத்தோடு பிடித்திருக்கிறோம். கடற்காற்று இரும்பு ஆங்கிளைத் தின்றுவிடும், வருஷா வருஷம் சுரண்டிப் பெயின்ட் அடிக்காமல் முடியாது. செம்பையும் ஜிஐ குழாயையும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நேராக இணைக்காதீர்கள். நடுவில் பித்தளை யூனியன் (இணைப்பு) போட்டால் அரிப்பு குறையும்.

சாயங்காலம் வேலை விட்டு வந்து குளிப்பவர்களுக்கு இவ்வளவும் வேண்டாம். கண்ணாடி போட்ட பெட்டிக்குள் கறுப்புப் பெயின்ட் அடித்த டிரம் ஒன்று போதும். செலவும் குறைவு. ராத்திரியில் அது ஆறிவிடும், அவ்வளவுதான்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சூடாகும் இடத்தில் வெள்ளையாகப் படிந்து குழாயை அடைக்கும். பேனலின் கீழ்முனையில் ஒரு வடிகால் வால்வு வைத்துவிட்டால், வருஷம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட் கரைசலை விட்டு ஊறவைத்துக் கழுவி விடலாம்.