பாஸ்டன் ஸ்ட்ராங்லர்: துண்டுச் செய்திகளைச் சேர்த்துப் படித்தவர்கள்

‘பாஸ்டன் ஸ்ட்ராங்லர்’ தொடர் கொலைகளைப் பற்றிய படம். ஸ்ட்ராங்லர் என்றால் கழுத்தை நெரிப்பவன். ஆனால் அதில் என்னைக் கட்டிப்போட்ட இடத்தில் கொலையும் இல்லை, துரத்தலும் இல்லை. லொரெட்டா மெக்லாக்லின் என்ற நிருபர், நாளிதழ்களில் தனித்தனியாக வந்த சாவுச் செய்திகளைச் சேர்த்து வைத்துப் படிக்கிறார். தனியாக வசித்த வயதான பெண். கழுத்து நெரிக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு நாள், இன்னொரு தெருவில், அதே மாதிரி இன்னொரு பெண். ஒவ்வொன்றும் சில வரிகளில் உள்பக்கத்தோடு முடிந்துபோன செய்தி. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த ஊரில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

மதுரையில் ஒரு நாளிதழில் நெடுநாள் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். மாவட்ட நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் ‘பெண் மர்மச் சாவு’ என்று தலைப்புப் போட்டு ஏழெட்டு வரியாகச் சுருக்குவது டெஸ்க்கில் அன்றாட வேலை. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டால் முதலில் தூக்கப்படுவதும் அந்த ஏழெட்டு வரிதான். அதனாலோ என்னவோ, கொலையாளி யார் என்பதைவிட, எந்தச் சாவு செய்தியாகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையே படம் முழுக்கக் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோணத்தில் பார்த்தால் இது அருமையான படம். கடைசி அரை மணி நேரத்தில்தான் எனக்குச் சண்டை இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

படம் 2023 மார்ச்சில் ஓடிடியில் வெளியானது. எழுதி இயக்கியவர் மாட் ரஸ்கின். தயாரிப்பாளர்களில் ரிட்லி ஸ்காட்டும் ஒருவர். கதை நடந்த கதை. 1962 ஜூனிலிருந்து 1964 ஜனவரி வரை அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த 13 பெண்களின் சாவுகள் இந்த வழக்கில் சேர்க்கப்பட்டன. இளையவருக்கு 19 வயது, மூத்தவருக்கு 85. பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, பெரும்பாலும் அவர்களுடைய காலுறையாலேயே நெரிக்கப்பட்டவர்கள். கதவை உடைத்த அடையாளம் கிடையாது. வந்தவனுக்கு அவர்களே கதவைத் திறந்திருக்க வேண்டும் என்று போலீஸ் நினைத்தது. ஊர் முழுக்கப் பெண்கள் புதுப் பூட்டும் சங்கிலியும் வாங்கி மாட்டிய காலம் அது.

லொரெட்டாவாக வருபவர் கீரா நைட்லி. ‘ரெக்கார்ட் அமெரிக்கன்’ என்ற டேப்லாய்டு பத்திரிகையில், வீட்டு வாழ்க்கைப் பக்கத்தில் அவருக்கு வேலை. டோஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று எழுதச் சொல்கிறார்கள். அவர் கேட்பது குற்றச் செய்தி. கிடைக்காது என்கிறார்கள். பெண்களுக்கான பக்கத்தில் உட்கார்ந்து கோலமும் சமையலும் பார்த்துக்கொண்டே அடுத்த மேசையில் அரசியல் செய்தி உருவாவதைக் கேட்டவர்களுக்கு இந்தக் காட்சிகள் நன்றாகவே புரியும். நைட்லி இதில் குரலை உயர்த்தவே இல்லை. மறுத்தால், ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, திரும்பவும் கேட்கிறார். எங்கள் அலுவலகத்தில் முன்னுக்கு வந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள்.

நிஜ லொரெட்டா 1992இல் இந்த அனுபவத்தை எழுதியிருக்கிறார். இறந்துபோன நான்கு பெண்களைப் பற்றித் தொடர் எழுத அவர் கேட்டபோது, அவர்கள் பேர் தெரியாத சாதாரணப் பெண்கள்தானே, அதில் என்ன செய்தி இருக்கிறது என்றாராம் ஓர் ஆசிரியர். அவர்கள் சாதாரணமானவர்கள் என்பதுதான் தன்னை அந்தச் செய்தியை நோக்கி இழுத்தது என்கிறார் லொரெட்டா. இந்த ஒரு கருத்திலிருந்துதான் படம் மொத்தமும் விரிகிறது என்று நினைக்கிறேன்.

அவருக்குத் துணையாக வருபவர் ஜீன் கோல். கேரி கூன் நடித்திருக்கிறார். ஏற்கெனவே களத்தில் நின்று பேர் வாங்கியவர். முதியோர் இல்லங்களில் நடந்த கொடுமைகளை வெளிக்கொண்டுவர, அங்கே உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து உள்ளிருந்து எழுதியவர் நிஜ ஜீன் கோல். லொரெட்டாவுக்கு வேகம் இருக்கிறது. எந்தப் போலீஸ்காரரிடம் எப்படிப் பேச வேண்டும், எப்போது பேச்சை நிறுத்த வேண்டும் என்பது ஜீனுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து வீடு வீடாக ஏறி, அக்கம்பக்கத்தாரிடம் பேசி, சின்னச் சின்ன விவரமாகச் சேர்க்கும் பகுதிதான் படத்தின் உயிர். கேரி கூன் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிற விஷயத்துக்கு மற்றவர்களுக்கு மூன்று வசனம் தேவைப்படுகிறது. ஆனால் திரைக்கதை அவருக்குக் கொடுத்த இடம் மிகக் குறைவு. லொரெட்டாவின் வீடு, கணவர், குழந்தைகள் என்று பார்க்கிறோம். ஜீனின் வீட்டுக்குள் படம் கிட்டத்தட்டப் போகவே இல்லை. இருவர் பேரில் வந்த தொடரை ஒருவர் கதையாகச் சுருக்கியது எனக்கு உறுத்தியது. ஜீன் கோலின் முதியோர் இல்லப் புலனாய்வே தனியாக ஒரு படத்துக்குக் காணும்.

ஒரு விஷயத்தைப் படம் மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது. எழுதுவது பெண்கள் என்பதையே நிர்வாகம் சரக்காக்குகிறது. இருவருடைய புகைப்படத்தையும் கட்டுரையோடு போடுகிறார்கள். விற்பனை ஏறுகிறது. கொலையாளி வெளியே திரிகிறபோது அவனைத் தேடுகிற பெண்களின் முகம் ஊரெங்கும் போய்ச் சேர்கிறது. அப்புறம் லொரெட்டா வீட்டுத் தொலைபேசி அடிக்க ஆரம்பிக்கிறது, எடுத்தால் மறுமுனையில் பேச்சில்லை. ஆபத்து அவர்களுக்கு, லாபம் பத்திரிகைக்கு. இதைப் பெரிய வசனம் எதுவும் இல்லாமல் காட்டியிருக்கிறார் ரஸ்கின். ஆசிரியராக வரும் கிறிஸ் கூப்பரையும் சொல்ல வேண்டும். வில்லனாகவும் இல்லை, வள்ளலாகவும் இல்லை. மேலிடத்துக்குப் பயந்து பின்வாங்குகிறார், அடுத்த கொலை நடந்ததும் இடம் கொடுக்கிறார்.

கணவர் பாத்திரமும் அப்படித்தான். முதலில் பெருமைப்படுகிறார், ராத்திரி வேலை நீள நீளச் சுணங்குகிறார். இது பார்த்துப் பழகிய பாதை, சீக்கிரமே கடந்துவிடலாம்.

போலீஸ் பகுதியில் விஷயம் கனமானது. கொலைகள் பாஸ்டனில் மட்டும் நடக்கவில்லை. லின், கேம்பிரிட்ஜ், சேலம், லாரன்ஸ் என்று வேறு வேறு ஊர்கள், வேறு வேறு காவல் துறைகள். ஓர் ஊர் போலீஸ் கையில் இருந்த தகவல் அடுத்த ஊர் போலீஸுக்குத் தெரியாது. 1963இல் வந்த அந்தத் தொடர் கட்டுரைகள் இந்த ஓட்டையைத்தான் தோண்டின. 1964 ஜனவரியில் மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் புரூக் விசாரணையைத் தன் கையில் எடுத்து, எல்லா வழக்குகளுக்கும் சேர்த்து ஒரு பிரிவை அமைத்தார். அலெஸ்ஸாண்ட்ரோ நிவோலா நடிக்கும் துப்பறிவாளர் கான்லி இந்தக் குழப்பத்தின் நடுவே மாட்டிக்கொண்ட மனிதர். நேர்மையானவர், களைத்துப்போனவர். அவரும் லொரெட்டாவும் பேசிக்கொள்ளும் காட்சிகளில் காதல் வாடையே வராமல் பார்த்துக்கொண்டதற்கு இயக்குநருக்கு நன்றி.

இப்போது கடைசி அரை மணி நேரம். வரலாற்றில் நடந்தது இது. ஆல்பர்ட் டிசால்வோ வேறு பாலியல் குற்றங்களுக்காகப் பிடிபட்டு, பிரிட்ஜ்வாட்டர் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தபோது, கூட இருந்த ஜார்ஜ் நாசர் என்ற கைதியிடம் கொலைகளைச் செய்தது நான்தான் என்றார். நாசரின் வழக்கறிஞர் எஃப். லீ பெய்லி உள்ளே வந்தார். 13 சாவுகளுக்கும் பொறுப்பேற்று டிசால்வோ வாக்குமூலம் கொடுத்தார். ஆனால் அந்தக் கொலைகளுக்காக அவர் மீது விசாரணை நடக்கவே இல்லை. 1967இல் மற்றக் குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை. 1973 நவம்பரில் சிறையில் குத்திக் கொல்லப்பட்டார். 2013இல்தான், கடைசியாகக் கொல்லப்பட்ட 19 வயது மேரி சல்லிவன் வழக்கில் டிஎன்ஏ அவரோடு பொருந்தியது. அந்த ஒரு வழக்குக்குத்தான் அப்படி உறுதி கிடைத்திருக்கிறது.

படம் இங்கே ஒரு பக்கம் சாய்கிறது. கொலையாளி ஒருவர் இல்லை, பலர். ‘ஸ்ட்ராங்லர்’ என்ற பேருக்குப் பின்னால் பல ஆண்கள் ஒளிந்துகொண்டார்கள் என்பது அதன் கட்சி. இந்தச் சந்தேகம் நிஜத்திலும் உண்டு. முதலில் முதியவர்கள், 1962 டிசம்பரிலிருந்து பெரும்பாலும் இளம்பெண்கள் என்று ஆள் தேர்வு மாறியதை அன்றே பலர் கேட்டார்கள். சரி, கேள்வி நியாயம். ஆனால் ஒரு நிருபரின் அனுமானத்தைப் படம் முடிவாகவே நம் கையில் வைத்துவிடுகிறது. அதுவரை ஒவ்வொரு விவரத்தையும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்த நிருபர்களின் கதை, கடைசியில் அந்தப் பொறுமையை விட்டுவிடுகிறது. இன்னொன்று. டிசால்வோ சொன்ன விவரங்களில் பல ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்தவை என்று பின்னாளில் வழக்கை ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அப்படியானால் நாம் அச்சில் போட்ட விவரமே ஒரு வாக்குமூலத்துக்குத் தீனியாகியிருக்கலாம். பத்திரிகைக்காரர்களைப் பற்றிய படம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். படம் இதற்குப் போதிய நேரம் கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை எனக்கு இறந்த பெண்களைப் பற்றியது. கொலைகளை வேடிக்கைப் பொருளாக்காமல், கேமராவைப் பெரும்பாலும் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள், அதை மதிக்கிறேன். 1968இல் டோனி கர்ட்டிஸ் நடித்து இதே வழக்கைப் பற்றி வந்த படம் கொலைகாரனின் மனசுக்குள் போவதிலேயே குறியாக இருந்தது. அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனாலும் முதலில் இறந்தவர், லாத்வியாவிலிருந்து அகதியாக வந்து தையல் வேலை பார்த்த பெண், அன்று மாலை தேவாலயத்துக்குக் கூட்டிப்போக மகன் வருவதற்காகக் காத்திருந்தவர். அடுத்தடுத்து இறந்தவர்களில் நர்ஸ் உண்டு, பிசியோதெரபிஸ்ட் உண்டு. 20 வயது கறுப்பின மாணவி உண்டு, ஞாயிறு பள்ளி ஆசிரியை உண்டு. வேலை பார்த்து, வாடகை கொடுத்து, தனியாக வாழ்ந்த பெண்கள். சாதாரணப் பெண்கள் என்பதால்தான் இவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று சண்டை போட்டவரின் படத்தில், அந்தப் பெண்களில் ஒருவரைக்கூட நமக்குச் சரியாக அறிமுகம் செய்யவில்லை. 112 நிமிடத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படம் முழுக்கச் சாம்பலும் பச்சையும் கலந்த மங்கலான நிறத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து அலுவலகங்களுக்கும் மழைக்காலத் தெருக்களுக்கும் பொருந்தினாலும், பல காட்சிகள் தேவைக்கு மேல் இருட்டு. போனில் பார்த்தால் பாதி முகம் தெரியாது. டிவியில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ரத்தம் குறைவு, ஆனால் பயம் உண்டு. தனியாக வசிக்கும் பெண்கள் ராத்திரி பார்ப்பதைத் தவிர்க்கலாம். இதழியல் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும், முதல் ஒன்றேகால் மணி நேரத்தையாவது.