ஒட்டகப் பால் பாக்டீரியா: புளித்த பாலா, ஆய்வகமா, மருந்துக்கடையா?

ஒட்டகப் பால் ப்ரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா உள்ளது என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மேய்ப்பர்கள் குடிக்கும் புளித்த பாலைச் சொல்கிறீர்களா, அதிலிருந்து ஆய்வகத்தில் பிரித்தெடுத்த பாக்டீரியாவையா? இரண்டையும் மருந்துக்கடையில் ப்ரோபயாடிக்காக விற்கும் எல்.ஜி.ஜி. என்ற பாக்டீரியாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சூடானில் காரிஸ் என்று ஒரு புளித்த ஒட்டகப் பால் உண்டு. தோல்பையில் பாலை ஊற்றி ஒட்டகத்தின் மேலேயே கட்டிவிடுவார்கள், அது நடக்க நடக்கப் பால் குலுங்கிப் புளிக்கும், குடிக்கக் குடிக்கப் புதுப் பாலைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். பிரைக்குப் பழைய காரிஸ் இல்லையென்றால் கருஞ்சீரகமும் ஒரு வெங்காயமும் போட்டுத் தொடங்குவதும் உண்டு. தயிர் மாதிரி கெட்டியாக உறையாது, ஒட்டகப் பாலில் கப்பா கேசீன் என்ற புரதம் குறைவு. கேட்கவே ஆசையாக இருக்கிறது, ஆனால் உள்ளே எந்த பாக்டீரியா எவ்வளவு என்பது பைக்குப் பை மாறும். கென்யா, சோமாலியாவின் புளித்த ஒட்டகப் பாலான சூசாக்கில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்ஃபன்டேரியஸ் என்ற பாக்டீரியாதான் மிகுதி என்று கண்டார்கள். அதன் நெருங்கிய உறவுகள் சில மனிதருக்கு நோய் தருபவை. காய்ச்சாத பால் என்பதால் புரூசெல்லா என்ற நோய்க்கிருமியின் பயம் வேறு.

ஆய்வகத்தில் பிரித்த லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம், ஃபெர்மென்டம் வகைகள் இதைவிடச் சுத்தம். அமிலத்தையும் பித்தநீரையும் தாங்குகின்றன, ஈ.கோலை, லிஸ்டீரியா போன்ற கிருமிகளை அடக்குகின்றன, கொலஸ்ட்ராலைக் குறைக்கின்றன. சரி, ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் சோதனைக் குழாயில். பிளான்டாரம் புளித்த முட்டைகோஸிலும்தான் இருக்கிறது, ஒட்டகத்திலிருந்து வந்ததால் மட்டும் அதற்கு மவுசு கூடாது.

எல்.ஜி.ஜி. 1983இல் மனிதக் குடலிலிருந்து எடுத்தது. குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் வரும் வயிற்றுப்போக்குக்கு, மனிதர்களிடமே பலமுறை சோதித்திருக்கிறார்கள். அந்தத் தேவைக்கு என் ஓட்டு யோசிக்காமல் இதற்குத்தான்.

ஒட்டகப் பாலுக்கே தனிப் பெருமை இருக்கிறது, அதை பாக்டீரியாவின் கணக்கில் எழுதாதீர்கள். பசும்பாலில் ஒவ்வாமை தரும் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் இதில் கிடையாது, வைட்டமின் சி அதிகம். ராஜஸ்தானின் பிகானேரில் டைப் 1 நீரிழிவு நோயாளிகளுக்குத் தினம் அரை லிட்டர் கொடுத்துப் பார்த்தபோது இன்சுலின் தேவை குறைந்தது; சிறிய ஆய்வு, அதை நம்பி யாரும் ஊசியை நிறுத்திவிட வேண்டாம். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இதிலும் உண்டு, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல் நாளே டம்ளர் நிறையக் குடிக்காதீர்கள்.